தோற்காத அணிக்கும் கோப்பை இல்லை: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பிளேஆஃப் சண்டை

ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சீசனை முடித்த அணி, சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் ஆடவே முடியாமல் போன கதை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒன்றிரண்டு முறை இல்லை, பலமுறை நடந்திருக்கிறது. 2004-இல் ஆபர்ன், 2008-இல் யூட்டா, 2017-இல் சென்ட்ரல் ஃப்ளோரிடா, 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட். இதற்கு மேல் நாங்கள் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று அந்த ரசிகர்கள் கேட்டால் யாரிடமும் ஒழுங்கான பதில் இருந்ததில்லை. ஏன் இப்படி ஆகிறது, பிளேஆஃப் வைத்தால் சரியாகிவிடுமா, வைத்த பிறகும் சண்டை ஏன் ஓயவில்லை என்பதை, அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், இது காலால் உதைக்கிற நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோளில் கவசம், ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுவது, அந்த ஃபுட்பால். கல்லூரி ஆட்டம் என்றதும் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிற மேட்ச் என்று நினைத்துவிட வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், சனிக்கிழமை ஆட்டத்துக்கு அது நிரம்பியும் விடும். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குகிறவர் ஆளுநர் இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்தான்.

சரி, பிரச்சினை எங்கே தொடங்குகிறது? எண்ணிக்கையில். மேல் பிரிவில் மட்டும் 130-க்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சீசனில் ஆடுவது பன்னிரண்டு ஆட்டம்தான், ஏனென்றால் உடம்பு தாங்காது, வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாத விளையாட்டு இது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற பத்தொன்பதோடும் இரண்டு முறை மோதி 38 ஆட்டம் ஆடிவிடும், கடைசியில் பட்டியலைப் பார்த்தால் யார் சாம்பியன் என்று தெரிந்துவிடும், தனியாக ஃபைனல் தேவையில்லை. 130 அணிகளும் பன்னிரண்டு ஆட்டமும் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு பட்டியலே போட முடியாது. பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

அதனால் அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. எஸ்இசி, பிக் டென், ஏசிசி, பிக் 12 ஆகிய நாலும் இன்றைக்குப் பெரியவை, பணமும் டிவியும் அங்கேதான். மற்றவை சின்னவை. எஸ்இசியில் இரண்டு ஆட்டம் தோற்ற அணி பெரியதா, சின்ன கான்ஃபரன்ஸில் ஒன்றுகூடத் தோற்காத அணி பெரியதா? மொத்தச் சண்டையும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

இன்னொரு விசித்திரம். கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பு, கூடைப்பந்தில் 68 அணிகளை வைத்து நாக்அவுட் நடத்தி சாம்பியனை அறிவிக்கிறது. ஃபுட்பாலிலும் கீழ்ப் பிரிவுகளுக்கு 1970-களிலிருந்தே பிளேஆஃப் நடத்துகிறது. மேல் பிரிவு ஃபுட்பாலுக்கு மட்டும் அது சாம்பியன் பட்டம் கொடுப்பதில்லை, இன்று வரைக்கும். தேர்வு நேரம், படிப்பு கெடும், பையன்கள் களைத்துவிடுவார்கள் என்று பல்கலைக்கழகத் தலைவர்கள் பல வருடம் காரணம் சொன்னார்கள். கீழ்ப் பிரிவு மாணவனுக்குப் படிப்பு கெடாதா என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. அந்தக் காரணத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

உண்மையான காரணம் பவுல் ஆட்டங்கள். 1902-இல் கலிஃபோர்னியாவின் பாசடினா நகரில், புத்தாண்டு நாளில், ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு ஃபுட்பால் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று நசுக்கியது. ஆட்டம் இவ்வளவு ஒருதலைப்பட்சமாகப் போனதால் அடுத்த சில வருடங்கள் ஃபுட்பாலை விட்டுவிட்டுத் தேர்ப் பந்தயம் எல்லாம் நடத்திப் பார்த்தார்கள், 1916-இல்தான் திரும்ப ஃபுட்பாலுக்கு வந்தார்கள். அதுதான் ரோஸ் பவுல். அப்புறம் மயாமியில் ஆரஞ்ச் பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், டாலஸில் காட்டன் பவுல். குளிர்காலத்தில் வெயில் அடிக்கிற ஊர்களுக்கு ஆட்களை வரவழைக்கிற வியாபாரம் இது, சாம்பியனைத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடே இல்லை. ஒவ்வொரு பவுலும் ஏதோ ஒரு கான்ஃபரன்ஸோடு ஒப்பந்தம் போட்டிருந்ததால் நாட்டின் முதல் அணியும் இரண்டாவது அணியும் வேறு வேறு ஊரில் வேறு யாருடனோ ஆடிக்கொண்டிருக்கும்.

1994-இல் அதுதான் நடந்தது. நெப்ராஸ்காவும் பென் ஸ்டேட்டும் இரண்டுமே தோற்கவில்லை. பென் ஸ்டேட் பிக் டென் சாம்பியன், ஒப்பந்தப்படி ரோஸ் பவுலுக்குப் போயே ஆக வேண்டும். நெப்ராஸ்கா ஆரஞ்ச் பவுலில். இரண்டும் ஜெயித்தன, நேருக்கு நேர் மோதவே இல்லை, பட்டம் நெப்ராஸ்காவுக்கு.

யார் கொடுத்த பட்டம்? பத்திரிகைக்காரர்கள்! 1936-இலிருந்து அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் வாக்கெடுத்து வாராவாரம் ரேங்கிங் வெளியிட்டது, கடைசி ரேங்கிங்கில் முதலிடத்தில் யாரோ அவர்கள் சாம்பியன். 1950-இலிருந்து கோச்களிடமும் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வருடம் இரண்டு சாம்பியன். கூத்து என்னவென்றால் கோச்களின் வாக்கெடுப்பு ரொம்ப நாள் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். 1973-இல் அலபாமாவுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள், அது அதற்கப்புறம் சுகர் பவுலில் நோட்டர் டேமிடம் 24-23 என்று தோற்றது. அடுத்த வருடத்திலிருந்து பவுல் முடிந்த பிறகு வாக்குப் போட ஆரம்பித்தார்கள். அதே அலபாமா 1941-ஆம் ஆண்டுப் பட்டத்தையும் தன் கணக்கில் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறது. அந்த வருட அசோசியேட்டட் பிரஸ் ரேங்கிங்கில் அது இருபதாவது இடம். யார் வேண்டுமானாலும் பட்டம் கொடுக்கலாம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

1990-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வாக்கில் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பதில் என்ன கோளாறு என்பது இதில் நன்றாகத் தெரியும். இந்த ஆட்டத்தில் பந்து கையில் இருக்கிற அணிக்கு நாலு முயற்சி. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. இது எத்தனையாவது முயற்சி என்று மைதான ஓரத்தில் ஒரு கம்பத்தில் எண்ணை மாற்றிக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அக்டோபர் 6, மிசௌரி மைதானம். கொலராடோ 31-27 என்று பின்தங்கி இருக்கிறது, அரை நிமிடம் பாக்கி, தொட்டால் புள்ளி கிடைக்கிற கடைசிக் கோட்டுக்கு மூன்று யார்டு. முதல் முயற்சியில் கடிகாரத்தை நிறுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துகிற வீரர், பந்தைத் தரையில் அடித்தார், அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கு. இரண்டாவதில் ஓடிப் பார்த்தார்கள், கோட்டுக்குச் சற்று முன்னால் மடக்கிவிட்டார்கள். டைம் அவுட். அந்த இடைவெளியில் கம்பத்தில் எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள், இரண்டு இரண்டாகவே நின்றது. திரும்ப ஓடினார்கள், திரும்ப மடக்கினார்கள். கம்பம் மூன்று என்கிறது, உண்மையில் நாலு. மூன்றாவதுதானே என்று குவார்ட்டர்பேக் திரும்பவும் பந்தைத் தரையில் அடித்து கடிகாரத்தை நிறுத்தினார். அதோடு நாலு முயற்சியும் தீர்ந்தது, மிசௌரி ஜெயித்திருக்க வேண்டும். கம்பம் நாலு என்று காட்டியது, ஐந்தாவது முயற்சியில் கொலராடோ கோட்டைத் தொட்டு 33-31 என்று ஜெயித்தது. நடுவர்கள் அத்தனை பேரும் அங்கேயே நிற்கிறார்கள், ஒருத்தர்கூட எண்ணவில்லை. முடிவு மாற்றப்படவும் இல்லை.

அந்த சீசன் முடிவில் கொலராடோ ஒரு தோல்வி, ஒரு டிரா. ஜார்ஜியா டெக் தோல்வியே இல்லை, ஒரு டிரா. பத்திரிகைக்காரர்கள் கொலராடோவை சாம்பியன் என்றார்கள். கோச்கள் ஜார்ஜியா டெக்கை, 847-க்கு 846 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். இரண்டும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கிற விஷயம்.

இரண்டு அணி ஃபைனலும் கம்ப்யூட்டரும்

1998-இல் பிசிஎஸ் என்ற ஏற்பாடு வந்தது. வாக்கெடுப்பு ரேங்கிங்கையும் சில கம்ப்யூட்டர் ரேங்கிங்குகளையும் கலந்து ஒரு பட்டியல் போடுவது, அதில் முதல் இரண்டு அணிகள் ஃபைனல் ஆடுவது. ஒப்பந்தத் தடையை உடைத்தது என்ற அளவில் நல்ல காரியம்தான். ஆனால் மூன்று அணிகள் சம பலத்தில் இருக்கும் வருடங்களில் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை, அப்படிப்பட்ட வருடங்கள்தான் அடிக்கடி வந்தன.

2003-இல் தெற்கு கலிஃபோர்னியா, அதாவது யுஎஸ்சி, இரண்டு வாக்கெடுப்பிலும் முதலிடம். ஓக்லஹோமா தன் கான்ஃபரன்ஸ் ஃபைனலில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று அடி வாங்கியது. கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் யுஎஸ்சி மூன்றாவது இடம்! ஓக்லஹோமாவும் லூசியானா ஸ்டேட் எனப்படும் எல்எஸ்யூவும் ஃபைனல் ஆடின, எல்எஸ்யூ ஜெயித்தது, பத்திரிகைக்காரர்கள் தங்கள் பட்டத்தை யுஎஸ்சிக்கே கொடுத்தார்கள். எந்தக் குழப்பத்தைத் தீர்க்க இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்களோ அதே குழப்பம்.

அடுத்த வருடம் யுஎஸ்சி, ஓக்லஹோமா, ஆபர்ன் மூன்றும் தோற்கவில்லை. சீசன் தொடங்கும் முன்பு, யாரும் ஒரு பந்துகூடத் தொடாத ஆகஸ்ட் மாதத்தில், பத்திரிகைக்காரர்கள் யுஎஸ்சியை முதலிடத்திலும் ஓக்லஹோமாவை இரண்டாவதிலும் ஆபர்னைப் பதினேழாவதிலும் வைத்திருந்தார்கள். முன்னால் இருப்பவர் தோற்றால்தான் பின்னால் இருப்பவர் ஏற முடியும், அந்த இருவரும் தோற்கவே இல்லை. ஆகஸ்டில் போட்ட ஊகம் டிசம்பர் வரை ஆபர்னின் கழுத்தை நெரித்தது. ஃபைனலில் ஓக்லஹோமா 55-19 என்று தோற்றதைப் பார்த்த ஆபர்ன்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? யுஎஸ்சி வீரர் ஒருவர் விதியை மீறிப் பணம் வாங்கிய விவகாரத்தில் பிசிஎஸ் அந்தப் பட்டத்தை 2011-இல் ரத்து செய்தது, அப்போதும் ஆபர்னுக்குக் கொடுக்கவில்லை, காலியாகவே விட்டுவிட்டார்கள். அந்த 2004 சீசனின் கசப்பில் அப்போதே அசோசியேட்டட் பிரஸ், இனி எங்கள் ரேங்கிங்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று விலகிக்கொண்டது.

கம்ப்யூட்டர் நடுநிலையானதுதானே என்று கேட்கலாம். ஆறு கம்ப்யூட்டர் ரேங்கிங்குகளில் ஒன்றைத் தவிர மற்றவை தங்கள் சூத்திரத்தை முழுமையாக வெளியே சொல்லவில்லை. சொன்ன அந்த ஒன்றிலும் 2010-இல் ஒரு தப்பு கண்டுபிடிக்கப்பட்டது. கீழ்ப் பிரிவு ஆட்டம் ஒன்றின் முடிவு உள்ளே ஏற்றப்படவில்லை, திருத்தியதும் எல்எஸ்யூவும் பாய்சி ஸ்டேட்டும் பத்தாவது, பதினோராவது இடங்களை மாற்றிக்கொண்டன. சூத்திரம் வெளிப்படையாக இருந்ததால் இது மாட்டியது. மற்ற ஐந்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

2008-இல் யூட்டா தோற்காமல் வந்தது, ஃபைனலுக்கு அழைக்கவில்லை, சுகர் பவுலில் அலபாமாவை 31-17 என்று வீழ்த்தி அப்படியே வீட்டுக்குப் போனது. அந்த மாநில செனட்டர் ஆரின் ஹேட்ச் 2009-இல் நாடாளுமன்றத்தில் விசாரணை நடத்தும் அளவுக்குப் போனது விவகாரம். அதிபராகத் தேர்வான ஒபாமா டிவி பேட்டியில் எட்டு அணி பிளேஆஃப் வேண்டும் என்றார். ஆனால் பெரிய கான்ஃபரன்ஸ்களை அசைத்தது இதெல்லாம் இல்லை. 2011 சீசனின் ஃபைனலில் எல்எஸ்யூவும் அலபாமாவும் மோதின, இரண்டுமே எஸ்இசி, நவம்பரில் ஏற்கெனவே ஒருமுறை மோதி எல்எஸ்யூ 9-6 என்று ஜெயித்திருந்தது. ஃபைனலில் அலபாமா 21-0. மற்ற கான்ஃபரன்ஸ்காரர்களுக்கு அப்போதுதான் வயிறு எரிந்தது. ஆறே மாதத்தில் நாலு அணி பிளேஆஃபுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

நாலு அணி, பதிமூன்று பேர்

2014-இலிருந்து பிளேஆஃப். கம்ப்யூட்டர் போய், பதிமூன்று பேர் கொண்ட கமிட்டி வந்தது. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்கள், முன்னாள் கோச்கள் மாதிரியான ஆட்கள் ஒரு அறையில் உட்கார்ந்து நாலு அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். நம்மவர்களுக்கு ஐபிஎல் தெரியும், அங்கேயும் நாலு அணிதான் பிளேஆஃபுக்குப் போகிறது, 2012-இல் நாலாவதாக உள்ளே வந்த சென்னை ஃபைனல் வரை போனது. வித்தியாசம் என்னவென்றால் ஐபிஎல்லில் அந்த நாலு பேரைப் புள்ளிப் பட்டியல் சொல்லும். நெட் ரன்ரேட்டைத் திட்டலாம், ஆனால் அது யாருடைய அபிப்பிராயமும் இல்லை. இங்கே அபிப்பிராயம்தான் பட்டியல்.

முதல் வருடமே நாலாவது அணியாக உள்ளே வந்த ஒஹாயோ ஸ்டேட், மூன்றாவது வரிசையில் இருந்த குவார்ட்டர்பேக்கை வைத்து அலபாமாவையும் ஆரெகனையும் ஜெயித்து சாம்பியன் ஆனது. முந்தைய ஏற்பாடாக இருந்திருந்தால் அது ஃபைனல் பக்கமே வந்திருக்காது. ஆக, இரண்டு போதாது என்பது உடனே நிரூபணம் ஆயிற்று. நாலு போதுமா?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, அதாவது பதிமூன்று வெற்றி, தோல்வியே இல்லை, ஏசிசி சாம்பியன். ஆனால் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பரில் கால் உடைந்துவிட்டது. அவர் இல்லாமலும் அணி மிச்ச ஆட்டங்களை ஜெயித்தது, கான்ஃபரன்ஸ் ஃபைனலை முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனை குவார்ட்டர்பேக்காக வைத்துக்கொண்டு 16-6 என்று தடுப்பாட்டத்திலேயே ஜெயித்தது. கமிட்டி, டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் வேறு அணி என்று சொல்லி அதை ஐந்தாவது இடத்தில் வைத்தது, ஒரு தோல்வியோடு இருந்த டெக்சஸும் அலபாமாவும் உள்ளே போயின. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோற்காத சாம்பியன் நாலு அணி பிளேஆஃபிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை. என் கால் சீசனின் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, அப்போதாவது இந்த அணி நான் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்கிற பொருளில் டிராவிஸ் எழுதினார். மனம் உடைந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டில் பல வீரர்கள் பவுல் ஆட்டத்துக்கு வராமல் ஒதுங்க, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி என்றார்கள் சிலர். பாதி அணி வராத ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இந்தச் சம்பவத்தில்தான் என் கட்சி என்ன என்று எனக்கே தெளிவானது. பிளேஆஃப் வேண்டுமா வேண்டாமா என்கிற விவாதத்தில் எல்லாரும் சிறந்த அணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றே பேசுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, நாக்அவுட்டில் நிச்சயமாக முடியாது, ஒரு மோசமான மாலைப்பொழுது போதும் நல்ல அணி வெளியேற. ஒரு போட்டியில் எனக்கு வேண்டியது வேறு. இதை இதைச் செய்தால் நீ சாம்பியன் ஆவாய் என்று ஆகஸ்ட் மாதத்திலேயே ஒவ்வொரு அணிக்கும் சொல்ல முடிய வேண்டும். ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. எல்லா ஆட்டத்தையும் ஜெயி, கான்ஃபரன்ஸையும் ஜெயி, அப்புறம் பதிமூன்று பேர் உன் குவார்ட்டர்பேக்கின் எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்பது விதியே இல்லை.

பன்னிரண்டு அணிகள், அதன் விலை

2024-இலிருந்து பன்னிரண்டு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பன்னிரண்டு என்ற எண் அல்ல, 2024, 2025 சீசன்களில் அதற்குள் இருந்த ஒரு வரி: ரேங்கிங்கில் முன்னால் நிற்கிற ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் நிச்சயம். பெரிய கான்ஃபரன்ஸ் நாலுதான் என்பதால், சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து குறைந்தது ஒரு அணி வந்தே தீரும். மீதி ஏழு இடத்தைக் கமிட்டி ரேங்கிங் வைத்து நிரப்பும். வரிசை எண்ணில் முதல் நாலு அணிக்கு முதல் சுற்று ஓய்வு, மற்றவர்களில் வரிசை எண்ணில் மேலே இருப்பவர் சொந்த மைதானத்தில் ஆடலாம். டிசம்பர் குளிரில், கல்லூரி வளாகத்தில், மாணவர்கள் கத்தலுக்கு நடுவே நடக்கிற அந்த முதல் சுற்று ஆட்டங்கள் இந்த ஏற்பாட்டின் அழகான பகுதி. காலிறுதியும் அரையிறுதியும் பழைய பவுல்களிலேயே நடக்கின்றன, அவர்களையும் விட்டுவிட முடியாதே.

இதற்கு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் உயிர் போகிற விஷயம். 2006-இல் ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் இருவருமே 11-0 என்று வந்து, முதலிடமும் இரண்டாமிடமும் மோதி 42-39 என்று முடிந்த ஆட்டம், இன்றைய விதியில் இரு அணியும் ஏற்கெனவே உள்ளே என்பதால் வெறும் வரிசை எண்ணுக்கான ஆட்டம். 2007-இல் வெஸ்ட் வர்ஜீனியா ஃபைனலுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்ற நிலையில், ஏழு ஆட்டம் தோற்றிருந்த பிட்ஸ்பர்கிடம் சொந்த ஊரில் 13-9 என்று தோற்றது. அந்த ஒரு ராத்திரியில் சீசனே போனது. அப்படிப்பட்ட ராத்திரி இனிமேல் வராது.

எதிர்ப்பக்க உதாரணம் 2024 ஒஹாயோ ஸ்டேட். நவம்பர் கடைசியில், பரம வைரி மிச்சிகனிடம், அந்த வருடம் சுமாராக ஆடிக்கொண்டிருந்த மிச்சிகனிடம், சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மிச்சிகன் கொடியை நட முயல, அடிதடி ஆகி போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்க வேண்டியதாயிற்று. கோச் ரயன் டேயைத் துரத்துங்கள் என்று ஊரே கத்தியது. ஏழு வாரம் கழித்து, அதே கோச், அதே அணி, எட்டாவது வரிசை எண்ணில் நுழைந்து டென்னசி, ஆரெகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று நாலு பேரை வரிசையாக வீழ்த்தி சாம்பியன். மிச்சிகன்காரர்கள் எங்களிடம் தோற்றவர்கள் சாம்பியனா என்று சிரிக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் நாலு பலமான அணிகளை அடுத்தடுத்து ஜெயித்தவர்களின் பட்டத்தை, நிருபர்கள் சிலர் வீட்டில் உட்கார்ந்து போட்ட வாக்கைவிடப் பெரியதாகத்தான் நான் மதிப்பேன்.

உடம்பும் ஒரு விலை. அந்த ஒஹாயோ ஸ்டேட் ஆடியது பதினாறு ஆட்டம், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் வழக்கமான சீசனைவிட ஒன்றுதான் குறைவு. இந்தக் கணக்கில் மாணவர்கள் பக்கம் பேசுகிறவர்கள் குறைவு.

சின்ன அணிகள் உள்ளே வந்து செமத்தியாக அடி வாங்குகின்றன, அதனால் அவர்களுக்கு இடம் வீண் என்பது அடிக்கடி கேட்கிற வாதம். 2025-இல் டுலேன் 41-10 என்று தோற்றது, ஜேம்ஸ் மேடிசன் 51-34 என்று தோற்றது, உண்மை. ஆனால் முந்தைய வருடம் எஸ்இசியின் டென்னசி 42-17 என்று தோற்றபோது எஸ்இசிக்கு இடம் வீண் என்று யாரும் சொல்லவில்லை. 2022 ஃபைனலில் பிக் 12-இன் டிசியூ 65-7 என்று தோற்றது, ஃபைனலில்!

பன்னிரண்டு ஆக்கியதும் சண்டை தீர்ந்ததா? இடம்தான் மாறியது, நாலாவதா ஐந்தாவதா என்பதிலிருந்து பத்தாவதா பதினோராவதா என்பதற்கு. 2025-இல் மயாமியும் நோட்டர் டேமும் இரண்டுமே 10-2. சீசனின் முதல் வாரம் மயாமி நோட்டர் டேமை 27-24 என்று ஜெயித்திருந்தது. இருந்தும் வாராவாரம் கமிட்டி நோட்டர் டேமை மேலே வைத்துக்கொண்டே வந்து, கடைசி ரேங்கிங்கில், இரண்டு அணியும் அந்த வாரம் ஆடவே இல்லாத நிலையில், மயாமியைப் பத்தாவதிலும் நோட்டர் டேமைப் பதினோராவதிலும் வைத்தது. கடைசி இரண்டு இடமும் சாம்பியன்கள் என்ற முறையில் டுலேனுக்கும் ஜேம்ஸ் மேடிசனுக்கும் போனதால் பதினோராவது அணி வெளியே. கோபத்தில் நோட்டர் டேம் பவுல் ஆட்டத்துக்கே வரமாட்டோம் என்றுவிட்டது. எனக்கு முடிவில் புகார் இல்லை, நேருக்கு நேர் ஜெயித்தவர் மேலே இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஏன் டிசம்பர் வரை ஆயிற்று என்பதுதான் கேள்வி. உள்ளே வந்த மயாமி ஃபைனல் வரை போய், தோற்காமல் 16-0 என்று முடித்த இந்தியானாவிடம் 27-21 என்று தோற்றது. ஆனாலும் இந்த அளவுச் சண்டை பரவாயில்லை. இரண்டு ஆட்டம் தோற்ற அணி, இன்னும் ஒன்றில் ஜெயித்திருந்தால் உள்ளே போயிருப்போம் என்று தெரிந்துகொண்டு வெளியே நிற்பதும், ஒன்றுகூடத் தோற்காத ஆபர்ன் வெளியே நின்றதும் ஒரே அநியாயம் இல்லை.

இப்போது பதினாறு, இருபத்துநாலு என்று பேச்சு நடக்கிறது. காரணம் தெரிந்ததுதான், ஒளிபரப்பு உரிமைக்காக ஈஎஸ்பிஎன் டிவி 2026-இலிருந்து ஆறு சீசனுக்கு ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் கொடுக்கிறது, ஆட்டம் கூடினால் பணமும் கூடும். இனி வடிவத்தை மாற்றுகிற அதிகாரத்தில் பெரும்பகுதி எஸ்இசி, பிக் டென் இரண்டின் கையில். 2025-இல் பிக் டென் பக்கத்திலிருந்து வந்த ஒரு யோசனை, பதினாறு இடத்தில் இந்த இரண்டு கான்ஃபரன்ஸுக்கும் தலா நாலு, ஏசிசிக்கும் பிக் 12-க்கும் தலா இரண்டு, மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்று என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது. சாம்பியனுக்கு இடம் ஒதுக்குவதும் கான்ஃபரன்ஸின் பெயருக்கு இடம் ஒதுக்குவதும் ஒன்றுபோலத் தெரியலாம். 2025-இல் ஏசிசி சாம்பியன் ட்யூக் ஐந்து தோல்வியோடு வந்ததால் அதைத் தாண்டி ஐந்தாவது சாம்பியன் இடம் ஜேம்ஸ் மேடிசனுக்குப் போனது, அது மேல் பிரிவுக்கு வந்தே அப்போது நாலாவது சீசன்தான். பிக் டென் கேட்ட ஏற்பாடு அந்த வருடம் இருந்திருந்தால் ஏசிசிக்கு இரண்டு இடம் எப்படியும் உண்டு, சின்னவர்களுக்கு உரிய ஒற்றை இடம் டுலேனுக்கு, ஜேம்ஸ் மேடிசன் வெளியே.